ஹீரோ வகுப்பா, எடுபிடி வகுப்பா?

வானத்தில் மிதக்கும் பள்ளிக்கூடம், பறக்கும் பேருந்து, உருகி ஓடும் பையன், செடிகளை வளைக்கும் பெண். 20 ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு சிரிப்புப் படத்தைக் கடலூரில் உட்கார்ந்து பார்த்தால், அது ப்ளஸ் ஒன் அட்மிஷனைப் பற்றிய படமாகத் தெரிகிறது.

ஜூன் மாதத்துக் காலை. மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளியின் அலுவலக ஜன்னல். ஒன்பது மணிக்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டது. வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் நகல். முதுநகரிலிருந்து வந்த ஒரு அம்மா மீன் கூடையை மதில் ஓரம் கவிழ்த்து வைத்துவிட்டு மகன் பின்னால் நிற்கிறார். சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் முடித்த ஒருவர் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருக்கிறார். யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை.

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் மார்க் ஷீட்டை வாங்குகிறார், மொத்தத்தைப் பார்க்கிறார், கணக்கையும் அறிவியலையும் பார்க்கிறார். "ஃபர்ஸ்ட் குரூப்." அடுத்த ஆள். "தேர்ட் குரூப்." அடுத்த ஆள். "ஒகேஷனல் வேணா பாருங்க." ஒரு பிள்ளைக்கு அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் யாரும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அந்த ஜன்னலுக்கு இல்லை.

அந்த வரிசையில் என் அக்கா மகளும் நின்றாள். உயிரியல் படிக்க ஆசைப்பட்டவள். வணிகவியல் படிக்கச் சொல்லும் "தேர்ட் குரூப்" என்ற சொல்லைக் கேட்டதும் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, படி இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்பாதிரிப்புலியூருக்குத் திரும்பும் ஆட்டோவில்தான் கேட்டாள்: "மாமா, அவங்க என்னை ஒரு கேள்விகூடக் கேக்கலையே?"

அன்று இரவு அவளும் அவள் தம்பியும் நானுமாக ஒரு படம் பார்த்தோம். மனசு மாறட்டும் என்று நான்தான் போட்டேன். 'ஸ்கை ஹை'. டிஸ்னி நிறுவனத்தின் குடும்ப நகைச்சுவைப் படம். மேகத்துக்கு மேலே, ஈர்ப்பு விசையை மீறி மிதக்கும் ஒரு பள்ளி. சூப்பர் சக்திகள் கொண்ட பிள்ளைகளுக்கான பள்ளி அது. சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம் என்று நினைத்தேன். படம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் அந்த ஜன்னல் திரையிலேயே வந்துவிட்டது.

மேடையில் ஒரு குரல்

பள்ளியின் முதல் நாள். உடற்பயிற்சிக் கூடத்தில் புதுப் பிள்ளைகள் நிற்கிறார்கள். மேடையில் ஒரு பயிற்சியாளர். கத்தினாலே கட்டடம் அதிரும் குரல் அவருடைய சக்தி. ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறித் தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். பார்த்த மாத்திரத்தில் அவர் தீர்ப்புச் சொல்வார். ஒன்று 'ஹீரோ', இல்லாவிட்டால் 'சைட்கிக்'. நம் ஊர்ச் சொல்லில் எடுபிடி. ஹீரோவுக்குப் பக்கத்தில் நின்று அவன் கேட்டதை எடுத்துக் கொடுக்கிறவன்.

ஒரு பையன் உருகித் தரையில் குட்டையாகிவிடுகிறான். எடுபிடி. இன்னொருவன் உடம்பு மினுக்கென்று ஒளிர்கிறது. எடுபிடி. ஒரு பெண் சின்ன கினி எலியாக மாறுகிறாள். எடுபிடி. செடி கொடிகளைத் தன் சொல்படி வளரவைக்கும் லேலா என்ற பெண், தேவை வரும்போதுதான் சக்தியைப் பயன்படுத்துவேன், பரீட்சைக்காகக் காட்ட மாட்டேன் என்கிறாள். அவளும் எடுபிடி. கதாநாயகன் வில், உலகமே கொண்டாடும் இரண்டு சூப்பர் ஹீரோக்களின் ஒரே மகன். அவனிடம் சக்தி ஏதும் வெளிப்படவே இல்லை. காரையே அவன் தலைமேல் போட்டுப் பார்க்கிறார் பயிற்சியாளர். அவனுக்கும் அதே வகுப்புதான்.

அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான், அவன் எட்டாவது. அவனுக்கு ஜன்னல் இன்னும் வரவில்லை.

அந்தப் பள்ளி யாரையும் 'எடுபிடி' என்று பாடப்பட்டியலில் எழுதுவதில்லை. அந்த வகுப்புக்கு அங்கே மரியாதையாக ஒரு பெயர் உண்டு: 'ஹீரோ உதவி'. நம் ஊரில் இந்த மரியாதைச் சொற்கள் பழக்கமானவை. பின்தங்கியவன் என்று சொல்ல மாட்டோம், 'மெல்லக் கற்போர்' என்போம். மாலையில் தனி வகுப்பு, தனி நோட்டு, அவர்களுக்கென்று 'மினிமம் மெட்டீரியல்'. எந்த மாணவனைக் கேட்டாலும் அந்தப் பெயருக்கு உண்மையான பொருள் என்னவென்று சொல்லிவிடுவான். பெயரை எவ்வளவு மெழுகினாலும், பிரிக்கும் கோட்டைப் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள்.

[பெட்டி: படம் இதுதான்]
'ஸ்கை ஹை' அமெரிக்காவில் 2005 ஜூலை 29 அன்று வெளியானது. இயக்கம் மைக் மிட்சல். மகனாக மைக்கேல் அங்கரானோ, அப்பாவாக கர்ட் ரஸல், அம்மாவாக கெல்லி பிரெஸ்டன், லேலாவாக டேனியல் பானபேக்கர். பள்ளி முதல்வர் வேடத்தில் வருகிறவர், 1970களில் தொலைக்காட்சியில் 'வொண்டர் வுமன்' ஆக நடித்த லிண்டா கார்ட்டர். ஏறத்தாழ 3.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலக அளவில் 8.6 கோடி டாலர் வசூலித்த படம். இன்றைய சூப்பர் ஹீரோ படச் செலவோடு ஒப்பிட்டால் இது சின்ன முதலீடு.

வில்லி எங்கே படித்தாள்?

படத்தில் என்னை அதிகம் உலுக்கியது ஹீரோ அல்ல, வில்லி. 'ராயல் பெயின்' என்ற முகமூடிக்காரி. எல்லா ஹீரோக்களையும் கைக்குழந்தைகளாக மாற்றிவிடும் கருவி அவளிடம் இருக்கிறது. அந்தக் குழந்தைகளைத் தன் விருப்பப்படி வளர்த்துப் புதிய பள்ளி ஒன்றைத் தொடங்குவது அவள் திட்டம். ஏன் இந்தக் கோபம்? அவளும் அதே பள்ளியின் பழைய மாணவி. இயந்திரங்களை மனத்தால் இயக்கும் சக்தி அவளுக்கு உண்டு. அவள் படித்த காலத்தில் அப்படி ஒரு சக்தி இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் கேலி செய்தார்கள், எடுபிடி வகுப்பில் தள்ளினார்கள்.

ஒரு சிரிப்புப் படத்துக்கு நடுவில் இவ்வளவு கூர்மையான விஷயத்தை வைத்திருக்கிறார்கள். வில்லி வேறு கிரகத்திலிருந்து வரவில்லை. பள்ளியின் பதிவேட்டிலிருந்து வருகிறாள். பிரித்த கைதான் அவளை உருவாக்கியது.

இதே உண்மையை நமக்குப் பக்கத்திலிருந்து சொன்ன படம், 2021 டிசம்பர் 24 அன்று வெளியான மலையாள 'மின்னல் முரளி'. ஒரே இரவில், ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது. ஒருவன் ஊர் ஏற்றுக்கொண்ட தையல்காரப் பையன். அவன் ஹீரோ ஆகிறான். இன்னொருவன் ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய தேநீர்க் கடைத் தொழிலாளி. அவன் வில்லன் ஆகிறான். ஒதுக்கப்பட்டவனாக நடித்தவர் நம் மதுரைக்காரர் குரு சோமசுந்தரம். அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தைப் பார்த்தபின், அந்தப் பாத்திரத்தை வெறும் வில்லன் என்று என்னால் அழைக்க முடியவில்லை. மின்னல் இருவருக்கும் ஒன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டுகள் வேறு வேறு.

'ஸ்கை ஹை' படத்தின் கடைசியில் பள்ளியைக் காப்பாற்றுகிறவர்களும் எடுபிடி வகுப்புப் பிள்ளைகளே. ஈர்ப்பு விசைக் கருவி பழுதாகி, பள்ளி வானத்திலிருந்து விழுகிறது. பலசாலிகள் எல்லாம் குழந்தைகளாகித் தவழ்கிறார்கள். காற்றுக் குழாய்க்குள் நுழைய முடிந்தவள் அந்த எலிப் பெண் மட்டுமே. மினுங்கும் பையன் இருட்டில் வழி காட்ட, அவள் பல்லால் ஒயரைக் கடித்துத் துண்டிக்கிறாள். முதல் நாள் மேடையில் எல்லாரும் சிரித்த அதே சக்தி.

தமிழில் யார் எடுத்தார்கள்?

சூப்பர் ஹீரோ நமக்குப் புதியவர் இல்லை. மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியை என் தலைமுறை பழைய புத்தகக் கடையில் தேடி அலைந்திருக்கிறது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் 'சக்திமான்' வந்தால் தெரு காலியாகிவிடும். ஆனால் தமிழ்த் திரையில் முகமூடி மாட்டிய எல்லாரும் வளர்ந்தவர்கள், அநேகமாக நட்சத்திரங்கள். பதினாலு வயதுப் பிள்ளை கூட்டத்தில் கைதட்டும் இடத்தில் மட்டும் இருப்பான்.

நெருங்கி வந்த ஒரே படம் என்று பி.எஸ்.மித்ரன் இயக்கி, 2019 டிசம்பர் 20 அன்று வந்த 'ஹீரோ'வைச் சொல்வேன். சிவகார்த்திகேயன் அதில் போலிச் சான்றிதழ் செய்து விற்பவர். சிறுவனாக இருந்தபோது சக்திமான் ஆக ஆசைப்பட்டவர். அர்ஜுன் ஏற்ற ஆசிரியர் பாத்திரம் ஒரு ரகசியப் பள்ளி நடத்துகிறது. அங்கே படிப்பவர்கள், கல்விமுறை 'ஃபெயில்' என்று வெளியே தள்ளிய பிள்ளைகள். ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கண்டுபிடிப்பாளர் இருக்கிறார். சூப்பர் ஹீரோ பள்ளி என்று ஒன்று தமிழில் இருக்குமானால் அது இப்படித்தான் இருக்க முடியும். நாம் ஏங்கும் அற்புதம் பறப்பது அல்ல, கண்டுகொள்ளப்படுவது. இந்த நாடித்துடிப்பை மித்ரன் சரியாகப் பிடித்தார். ஆனால் படம் அந்த வகுப்பறையில் தங்கவில்லை. நட்சத்திரத்தின் சண்டைக்கும் வில்லனின் மாளிகைக்கும் ஓடிவிட்டது. அந்தப் பிள்ளைகளோடு இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். பண்ருட்டிக்கு அருகில் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சான், 2007இல் 'பள்ளிக்கூடம்' எடுத்தார். மூடப்படவிருக்கும் கிராமத்துப் பள்ளியைக் காக்க, அதில் படித்தவர்கள் திரும்பி வருகிறார்கள். ஒருவர் மாவட்ட ஆட்சியர் ஆகியிருக்கிறார். ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். முகமூடி இல்லை, மந்திரம் இல்லை. முந்திரிக் காட்டு மண்ணின் நிறம் படம் முழுக்க இருக்கும்.

[பெட்டி: மாயாவி முதல் மாவீரன் வரை]
1972: சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. மூலம், 1962இல் பிரிட்டனில் வந்த சித்திரத் தொடர். 1997: தூர்தர்ஷனில் 'சக்திமான்'. 2009: பாண்டிராஜின் 'பசங்க', தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது, அதில் நடித்த சிறுவர்களுக்கும் விருது. 2012: மிஷ்கினின் 'முகமூடி'. 2015: 'காக்கா முட்டை' திரையரங்குக்கு வந்தது, அதற்குச் சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது. 2019: 'ஹீரோ'. 2023: மடோன் அஸ்வினின் 'மாவீரன்', பயந்த சுபாவமுள்ள காமிக்ஸ் ஓவியனின் காதில் மட்டும் கேட்கும் குரல். இந்த வரிசையில் பள்ளிப் படங்கள் ஒரு பக்கம், முகமூடிப் படங்கள் ஒரு பக்கம். இரண்டும் சேரும் இடம் இன்னும் ஏறக்குறைய காலியாக இருக்கிறது.

லேலாவும் தில்லையும்

லேலாவின் சக்தியை அக்கா மகள் விடவில்லை. "செடி வளக்கறதுல என்ன சக்தி மாமா, அதுக்குத்தான் எடுபிடின்னுட்டாங்க போல" என்றாள். மறுவாரம் அவளையும் தம்பியையும் பிச்சாவரம் கூட்டிப்போனேன்.

சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் தூரம் இருக்கும். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே, 1,100 ஹெக்டேர் அளவில் விரிந்த அலையாத்திக் காடு. ஊர்க்காரர்களுக்கு அது சுரபுன்னைக் காடு. துடுப்புப் படகில் கால்வாய்க்குள் நுழைந்ததும் வெயில் அணைந்துவிடுகிறது. இரு பக்கமும் வேர்கள் வில்லாக வளைந்து சேற்றில் ஊன்றி நிற்கின்றன. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, கையாலேயே தடவி இறாலும் மீனும் பிடிக்கிறார்கள். கலங்கிய நீரில் விரல் நுனிக்கு எது கல், எது நண்டு, எது இறால் என்று தெரிவது எத்தனை தலைமுறைப் பாடம்! அதற்கு எந்தப் பள்ளியிலும் மார்க் இல்லை.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைக்கு அப்பால் உள்ள கடலோரக் குப்பங்களிலும் அந்தக் காலைப்பொழுதைப் பற்றி இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அடுத்த ஆண்டு, 'சயன்ஸ்' இதழில் இந்த மாவட்டக் கடற்கரையை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. அலையாத்தி மரங்களும் சவுக்கும் இருந்த இடங்களுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்றது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில், அழிந்துகொண்டிருந்த இந்தக் காட்டில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர் மக்களோடு சேர்ந்து வாய்க்கால் வெட்டி, கடல்நீர் உள்ளே வந்துபோக வழி செய்து, கன்றுகள் நட்டிருந்தது. சேற்றில் இறங்கி மண்வெட்டி பிடித்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

சிதம்பரத்தின் பழைய பெயரே ஒரு மரத்தின் பெயர். தில்லை. கோயிலின் தல மரம். இதுவும் அலையாத்தி இனம்தான். அதன் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உப்பு நீரில் எது வாழும் என்று கேட்கும் இடத்தில் அது வேரூன்றி நிற்கிறது. ஒரு மரத்தின் பெயரை ஊருக்கு வைத்தவர்கள் அதன் வலிமையை அறிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

படகு திரும்பும்போது அவள் ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "லேலாவை இங்க கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றாள்.

வாசலுக்கு வெளியே நின்ற வகுப்பு

பிரிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டு சிதம்பரத்தைத் தாண்டிப் போக முடியாது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நந்தனாரின் ஊர் இது. அவர் பெயரிலேயே இங்கே ஒரு பள்ளி பிறந்தது. ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த சுவாமி சகஜானந்தர், 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு வகுப்பறைக் கதவே திறக்காத காலம். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, தங்க இடமும் சோறும் கொடுத்துப் படிக்கவைத்தார். பின்னாளில் சட்டமன்றத்திலும் அவர்களுக்காகப் பேசினார். 1959இல் அவர் மறையும்போது, அந்தப் பள்ளியில் படித்து எழுந்த ஒரு தலைமுறையே இருந்தது.

ஒரு பிள்ளையை எந்தப் பலகையில் உட்காரவைப்பது என்பது இந்த ஊரில் ஒருநாளும் வெறும் நிர்வாக வேலையாக இருந்ததில்லை. மார்க் ஷீட்டை வைத்துப் பிரிக்கும்போது சாதி பார்ப்பதில்லைதான். ஆனால் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர், டியூஷனுக்குக் காசில்லாதவர், விடியலில் மீன் இறக்கிவிட்டு வகுப்புக்கு வருகிறவர் எந்தக் குழுவில் அதிகமாகப் போய்ச் சேர்கிறார்கள் என்பதை ஆசிரியர்களே வருத்தத்தோடு சொல்வார்கள். அரை நிமிட ஜன்னலுக்கு அந்தப் பழைய கதைகள் தெரியாது. தெரியாமலேயே அவற்றைத் தொடர்கிறது.

[பெட்டி: ஐந்தாம் வகுப்பு வரை]
மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24 அன்று பிறந்த ஒரு பையன், பள்ளியில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. வீட்டைவிட்டுப் போய், அச்சகத்திலும் கட்சி அலுவலகத்திலும் வேலை செய்து, வாழ்க்கையிலேயே படித்தார். குடிசைப் பகுதிச் சிறுவன் ஒருவனை மையமாக வைத்து அவர் எழுதி இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' 1965இல் வந்து, தேசிய விருது பெற்றது. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. ஜெயகாந்தன்.

ஒரு படம் மாற்றிய பெஞ்சு

சினிமா பார்த்துப் பள்ளிக்கூடம் மாறுமா என்று கேட்பவர்களுக்கு அண்மையிலேயே விடை கிடைத்தது. 2024 இறுதியில் வந்த மலையாளப் படம் 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்'. இயக்கம் வினேஷ் விஸ்வநாத். ஏழாம் வகுப்பில் லீடர் தேர்தல். கடைசி பெஞ்சுப் பையன் போட்டியிடுகிறான். கடைசி பெஞ்சே இல்லாமல், சுவரை ஒட்டி எல்லாரும் முன்வரிசையாக உட்காரும் வகுப்பு அந்தப் பிள்ளைகளின் யோசனை. படத்தைப் பார்த்த கேரளப் பள்ளிகள் சில, பெஞ்சுகளை நகர்த்திப்போட்டன. 2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் 'ப' வடிவில் இருக்கைகளை அமைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது.

உடனே விவாதம் தொடங்கியது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குக் கழுத்து வலிக்காதா? கரும்பலகை பளபளத்துத் தெரியாமல் போகாதா? 45 பேர் நெருக்கி உட்காரும் அறையில் 'ப'வை எங்கே போடுவது? எல்லாம் நியாயமான கேள்விகள். குறிப்பாகக் கடைசிக் கேள்வி. பெஞ்சைத் திருப்புவது எளிது. பிள்ளைகளுக்குப் போதுமான அறை கட்டுவதும், ஆசிரியரைப் போடுவதும் செலவு பிடிக்கும் வேலை. ஆனாலும் அந்த ஒரு மாதம் தமிழ்நாட்டு வீடுகளில் 'கடைசி பெஞ்ச்' பற்றிப் பேச்சு ஓடியதே, அது எனக்குப் பெரிய விஷயம். ஒரு சின்னப் படம், பெரிய நட்சத்திரம் இல்லை, அரசு அலுவலகத்துக் கோப்பு வரை போய்விட்டது.

கதவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத்தான் செய்கின்றன. 2017இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீங்கியது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிட்டு, பிள்ளைகளைப் பேசவைக்கும் திட்டம் வந்தது. ஒரு பையனுக்கும் சிவப்புப் பலூனுக்கும் நடக்கும் நட்பைச் சொல்லும் 1956ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குறும்படத்தைக்கூட நம் கிராமத்துப் பிள்ளைகள் பார்த்தார்கள். இவை எல்லாமே நல்லவை. அட்மிஷன் ஜன்னல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பதினாலு வயதுக்கு ஒரு டிக்கெட்

கடலூரில் ஒரு விடுமுறை நாளில் தியேட்டர் வாசலில் நின்று பாருங்கள். சீருடை வயதுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். உள்ளே அவர்களுக்குக் கிடைப்பது என்ன? துப்பாக்கி, அரிவாள், போதைக் கும்பல், பழிவாங்கல். அவர்கள் வயதில் ஒருவரும் அந்தக் கதையில் இல்லை. இருந்தால் கடத்தப்படுவதற்காக இருப்பார்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கார்ட்டூன் உண்டு. இருபதுக்கு மேலே காதல் உண்டு. நடுவில் குரல் உடைந்து, முகப்பரு வந்து, எந்தக் குரூப் என்று தெரியாமல் நிற்கும் அந்த நான்கைந்து வருடங்களுக்குச் சிரிக்க ஒரு தமிழ்ப் படம் அபூர்வம். அதனால்தான் சக்தியே இல்லாமல் பிறந்த பையன் ஹீரோ பள்ளிக்குப் போகும் ஜப்பானியத் தொடர் 'மை ஹீரோ அகாடமியா'வை நம் பிள்ளைகள் போனில் தேடிப் பார்க்கிறார்கள். தங்கள் கதையை ஜப்பானிடமிருந்து கடன் வாங்குகிறார்கள்.

தணிக்கைக் குழுவுக்கே இந்த வயது கண்ணில் பட்டுவிட்டது. 2024இல் வந்த புதிய விதிகளின்படி, பழைய யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. 13 வயதுக்காரர் தனி ரசிகர் என்று சட்டம் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர்கள் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

செலவைக் காரணம் காட்டுவார்கள். நான் ஏற்கமாட்டேன். கடலூரில் ஒரு 'ஸ்கை ஹை' எடுக்க வானத்தில் பள்ளி கட்ட வேண்டியதில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டம் சொல்லும் தேவனாம்பட்டினத்துப் பையன். பலாப்பழத்தைத் தட்டி, எத்தனை நாளில் பழுக்கும் என்று பிசகாமல் சொல்லும் பண்ருட்டிப் பெண். சேற்றுக்குள் விரலால் பார்க்கும் கிள்ளை இருளர் சிறுமி. நெய்வேலிச் சுரங்கத்து இயந்திரச் சத்தத்தைக் கேட்டே பழுதைக் கண்டுபிடிக்கும் தொழிலாளி மகன். நான்கு பேரையும் 'மெல்லக் கற்போர்' வகுப்பில் உட்காரவையுங்கள். அப்புறம் ஒரு புயலை வரவழையுங்கள். இந்த மாவட்டத்துக்குப் புயல் கற்பனை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அந்த இரவில் யார் யாருக்கு எடுபிடி என்பதைக் கதை தானே சொல்லிவிடும்.

2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் லாரிகளில் படகேற்றி வந்து மக்களை மீட்டார்கள். ஒருவர் தண்ணீரில் மண்டியிட்டுத் தன் முதுகையே படியாக்க, பெண்கள் அதில் கால்வைத்துப் படகேறிய காட்சியை நாடே பார்த்தது. அதை '2018' என்ற படமாக எடுத்தபோது, எல்லாருமே ஹீரோ என்று தலைப்போடு சேர்த்துப் போட்டார்கள். அங்கே கூட்டம் கூடியது. நம் கடற்கரையில் கதைக்குப் பஞ்சமில்லை, அதைக் கேட்க உட்காரும் இயக்குநர் வேண்டும்.

ஞாயிறு மாலை

படம் பார்த்த இரவே அக்கா மகளிடம் கேட்டிருந்தேன், அந்த மேடையில் நீ ஏறினால் என்ன காட்டுவாய் என்று. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல மாமா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசல் திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள். அந்தத் தெருவின் மகளிர் சுயஉதவிக் குழு. வங்கியிலிருந்து வந்த கடன் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று பாஸ்புக், ரசீது, கசங்கிய துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் அவள். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு சீட்டாகத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஏப்ரல் மாசம் கட்டினது ரெண்டு தடவ வரவு வெச்சிருக்கீங்க. வட்டியும் அவங்க ஒரு மாசம் கூடப் போட்டிருக்காங்க."

"அப்ப யாரு யாருக்குத் தரணும் கண்ணு?"

"இருங்க, போட்டுச் சொல்றேன்."

என்னைப் பார்த்தாள்; எழுந்திருக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பாஸ்புக்கைப் பிரித்தாள். அதை நீட்டிய பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.